விடு, நின்னுடும்

தண்ணீர் குடிக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். நாற்பதைத் தொட்ட ஆள், மீசையில் நரை எட்டிப் பார்க்கிறது, கடைத்தெருவில் பாதிப் பேரால் இவர் வந்தால்தான் கடையையே திறக்க முடியும்; அப்பேர்ப்பட்டவர் பாட்டில் மூடியைத் திருகியதும் புதுப்பெண் மாதிரி முகத்தை மறைத்துக்கொள்கிறார். சுவர் கிடைக்காவிட்டால் தூண். தூணும் இல்லையென்றால் நாக்கு வறள வறள வேலையை முடிப்பாரே தவிர, நாலு பேர் பார்க்கத் தலையை அண்ணாந்து ஒரு வாய் குடிக்க மாட்டார்.

பூட்டுக்கடைக்காரர் பொறுத்துப் பார்த்துக் கேட்டே விட்டார். "ஏண்ணே, பாட்டில்ல இருக்கிறது தண்ணிதானே?"

இவர் சிரித்து மழுப்பினார். குடிகாரன் என்று நினைத்துக்கொண்டு போகட்டும். இருக்கிற கெட்ட பெயர்களில் அது கொஞ்சம் கௌரவமானது.

தொழில், இழுத்து மூடும் இரும்பு ஷட்டர்களைப் பழுது பார்ப்பது. அதனால் ஊரில் அவருக்குப் பெயரே ஷட்டர்தான். அம்மா வைத்த பெயர் மின்சார பில்லில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஒரு கையில் கிரீஸ் டப்பா, இன்னொரு கையில் சுத்தியல், தோளில் ஏணி. ஷட்டர் முன்னால் நின்றவுடன் தொட மாட்டார். காதை வைத்துக் கேட்பார். பிறகு கடைக்காரரிடம் ஜாதகம் சொல்வார். "இது மாமியார் ஷட்டர்ங்க. தூக்க விடாது, தூக்கினாலும் மொனகிக்கிட்டே வரும்." பாதியில் நின்றுகொண்டு போகிற வருகிறவர்களையெல்லாம் குனிய வைப்பது மாப்பிள்ளை ஷட்டர். எந்தத் தொந்தரவும் தராமல் இருந்துவிட்டு ஒருநாள் மொத்தமாகத் தலையில் விழுகிறதே, அதற்கு அவர் வைத்திருக்கிற பெயர் "நல்லவன் ஷட்டர்". அந்த வகைக்குத்தான் அவர் ரொம்பவும் பயப்படுவார்.

இதே மனிதர்தான் தன் நாட்டின் ஐஸ் ஹாக்கி அணிக்கு கோல் கீப்பர். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், அடக்க வேண்டாம். அவருக்கும் பழகிவிட்டது. மின்விசிறி நின்றால் தூங்குகிற ஊர் முழுக்க எழுந்து உட்கார்ந்துகொள்ளும் நாடு அது. அங்கே ஐஸ் என்பது ஜூஸ் கடையில் உடைத்துப் போடுகிற சமாச்சாரம். முதல் தடவை அணி வெளிநாடு போனபோது, விமான நிலையத்தில் ஓர் அதிகாரி இவருடைய பையைத் திறந்து, உள்ளேயிருந்த பெரிய பெரிய கால் பேடுகளைத் தட்டிப் பார்த்தார்.

"ஐஸ் ஹாக்கியா? உங்க நாட்டுல ஐஸ் எங்கேய்யா இருக்கு?"

"மூணாவது மாடியில, சார்," என்றார் ஷட்டர், வெகு மரியாதையாக.

பொய்யில்லை. ஷாப்பிங் மால் ஒன்றின் மூன்றாவது மாடியில், செருப்புக்கடைக்கும் சினிமா வாசலுக்கும் நடுவில்தான் அந்த ஐஸ் தளம் இருக்கிறது. குழந்தைகள் பெங்குவின் பொம்மையைப் பிடித்துக்கொண்டு வழுக்குவதற்காகக் கட்டியது. அங்கே ஒருநாள் டிக்கெட் கவுண்டரின் ஷட்டர் சிக்கிக்கொண்டதென்று இவரைக் கூப்பிட்டார்கள். பழுது பார்த்துவிட்டுத் திரும்பினால், உள்ளே ஏழெட்டுப் பேர் மட்டையை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார்கள். கோல் கீப்பராக நிற்க வேண்டியவருக்குப் பெண் பார்க்கிற இடத்தில் நேரமாகிவிட்டதாம். அணிக்குத் தலைவர், பயிற்சியாளர், செயலாளர், எல்லாமே ஒரே ஆள். பகலில் கேக் கடை வைத்திருப்பவர். அவர்தான் இவரிடம் வந்தார்.

"அண்ணே, சும்மா நிக்கணும். அவ்வளவுதான். எதுவும் செய்ய வேண்டாம்."

"சும்மா நிக்கிறதுக்கு யாரு வேணாலும் நிப்பாங்களே?"

"அடி படும். அதனால யாரும் நிக்க மாட்டேங்கிறாங்க."

இந்த நேர்மை ஷட்டருக்குப் பிடித்துப்போயிற்று. நின்றார். மேலேயிருந்து திடீரென்று இரும்பு இறங்கினால் கை தானாகப் போய்த் தாங்கிப் பழகிய உடம்பு. இந்த ஹாக்கியில் பந்துக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பரில் ஒரு வட்டு. உள்ளங்கை அகலம், கல் மாதிரி கனம். அது வருகிற பக்கமெல்லாம் இவருடைய கையோ காலோ முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. வழுக்காமல் நிற்கத்தான் தெரியவில்லை. கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே அன்றைக்கு முழுக்கத் தடுத்தார். பெண் பார்க்கப் போனவர் திரும்பி வந்தபோது பெண்ணும் கிடைக்கவில்லை, இடமும் போயிருந்தது.

அப்புறம் வருஷக்கணக்கில் அதே கதைதான். கிழிந்த பேடுகளை அவர் மனைவி தைத்துக் கொடுப்பார். சட்டைக் கம்பெனியில் காலர் வைக்கிற கை அது. தைத்த இடம் தெரியாது. "ஊர்ல மத்த ஆம்பளைங்க சட்டை கிழிஞ்சா பொண்டாட்டிகிட்ட கொடுப்பாங்க. எனக்கு சோபா செட்டு வந்து சேருது," என்று சொல்லிக்கொண்டேதான் தைப்பார்.

இந்த இடத்தில் அந்த ஐஸின் குணத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது யாருக்கும் விளங்காது. மாலில் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் குளிரூட்டும் எந்திரத்தைப் பாதி நேரம் அணைத்துவைப்பார்கள். ஐஸ் மெல்ல அழ ஆரம்பிக்கும். மேலே எப்போதும் ஒரு பூச்சுத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் வட்டு ஓடாது, நீந்தும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பாதி தூரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிடும். ஆகவே எதிர்க்கரையிலிருந்து வரும் வட்டை அந்த அணியில் யாரும் துரத்துவதில்லை. "விடு, நின்னுடும்!" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். ஓடியவன் நிற்பான், மூச்சு விடுவான். கோல் கீப்பர் அந்த இடைவெளியில் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு, வலைக்கு மேலே வைத்திருக்கும் பாட்டிலை எடுத்து நாலு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வார். பாடத்தில் சொல்லித்தந்ததல்ல. ஈர ஐஸில் விளையாடுகிறவர்களுக்குத் தானாக வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அதைத் தப்பென்று சொல்ல அந்த மாடியில் வேறு ஐஸ் இல்லை.

கடைசியாகப் போன போட்டி, குளிர் நாடு ஒன்றில். அடிமட்டத்து நாடுகளுக்கென்றே நடத்துகிற போட்டிதான். அதிலும் இவர்கள்தான் அடி. அதுவரை இவர்கள் நாட்டின் பெயருக்கு நேரே பூஜ்யத்தைத் தவிர எதுவும் ஏறியதில்லை. அன்றைக்கு அதிசயமாக ஆட்டம் சமனில் நின்றது. சமனில் முடிந்தாலே ஒரு புள்ளி. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். கேக் கடைக்காரர் பெஞ்சில் உட்கார முடியாமல் எழுந்து நின்று, நிற்க முடியாமல் உட்கார்ந்துகொண்டிருந்தார். ஷட்டர் அன்று தடுத்ததெல்லாம் வேறு ரகம். மார்பால், முட்டியால், ஒரு தடவை முதுகால்கூட.

அப்போது எதிரணி ஆள் ஒருவன், தன் கோலுக்குப் பக்கத்திலிருந்து, தொல்லை விட்டது என்று வட்டை இந்தப் பக்கம் தள்ளிவிட்டான். குறிபார்த்தெல்லாம் அடிக்கவில்லை. இவர்கள் அணித் தடுப்பாட்டக்காரன் திரும்பி அதைப் பிடிக்க ஓடிவந்தான். இவன் வீடு வீடாகத் தண்ணீர்க் கேன் போடுகிற இளைஞன். அணியில் பெயர் கேன். மாடி மாடியாகக் கனம் தூக்கி ஏறிய கால். ஓட ஆரம்பித்தால் எதிரே யாரும் நிற்க மாட்டார்கள். ஓடிவந்தவனைப் பார்த்து ஷட்டர் கத்தினார்.

"விடுடா, நின்னுடும்!"

அண்ணன் சொல்லிவிட்டார். கேன் காலை அழுத்தி நின்றான். ஷட்டர் ஹெல்மெட்டைத் தூக்கினார், பாட்டிலை எடுத்தார், அண்ணாந்தார்.

அது குளிர் நாட்டு ஐஸ். கண்ணாடி மாதிரி காய்ந்த ஐஸ். வட்டு நிற்கவில்லை. அவசரமும் படவில்லை. அழைப்பிதழ் வைத்துக் கூப்பிட்ட விருந்தாளி மாதிரி நிதானமாக வந்து, அவர் இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து, வலைக்குள் போய் உட்கார்ந்தது. இரண்டாவது வாய்த் தண்ணீர் அவர் தொண்டையில் இருந்தது.

உடை மாற்றும் அறையில் கேக் கடைக்காரர் நேரே கேனிடம் போனார்.

"ஏன்டா நின்னே? ஓடிக்கிட்டிருந்தியேடா! நான் பார்த்தேனே! ஏன்டா நின்னே?"

கேன் வாயைத் திறந்தான். ஷட்டரைப் பார்த்தான். ஷட்டர் குனிந்து கால் பேடின் வார்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். பேடில் அத்தனை வார் இருப்பதை நினைத்து அவர் வாழ்நாளில் சந்தோஷப்பட்டது அன்று ஒருமுறைதான். ஒன்றைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார். நிமிர்ந்தபோது கேன் வாயை மூடியிருந்தான்.

அந்த நிமிஷத்திலேயே சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். அடுத்த நிமிஷம் கொஞ்சம் கஷ்டமாயிற்று. விமானத்தில் கேன் பக்கத்து இருக்கையில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு வந்தபோது, இன்னும் கஷ்டம். ஊரில் இறங்கியபோது நாக்கு சுத்தமாகத் துருப்பிடித்துவிட்டது. கிரீஸ் போட்டாலும் நகராது.

அதற்குள் அந்தக் காட்சி இவர்களுக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்திருந்தது. கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ கைபேசியில் எடுத்தது. அதில் ஷட்டரின் முதுகுதான் தெரியும். முதுகுக்கு வாய் கிடையாது. குரலும் கேட்காது, மைதானத்துப் பாட்டுச் சத்தம் அப்படி. தெரிவதெல்லாம் எதிரே ஓடிவருகிற ஒரு தடித்த பையன், திடீரென்று நின்று இடுப்பில் கை வைக்கிறான். வட்டு அவனைத் தாண்டிப் போகிறது. பாவம், கோல் கீப்பர் தண்ணீர் குடிக்கிறார்.

கடைத்தெரு ஷட்டரைக் கிண்டல் செய்தது உண்மைதான். "என்னண்ணே, உலகத்துக்கே ஷட்டர் போடுறீங்க, சொந்த ஷட்டரைத் திறந்து வெச்சுட்டீங்களாமே!" என்று பூட்டுக்கடைக்காரர் கேட்டார். அதையெல்லாம் அவர் இனிப்பு மாதிரி வாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது, கிண்டலுக்குப் பின்னால் வந்த ஆறுதல்தான். "உங்க மேல என்ன தப்பு? அந்தத் தடியன் ரெண்டு எட்டு வெச்சிருந்தா போதுமே. சோம்பேறி." செருப்புக்கடைக்காரர் ஒருபடி மேலே போனார். "சோம்பேறியா? அவன் வாங்கிட்டு விட்டிருப்பான்ங்க. எவ்வளவோ!" ஷட்டர் ஏணி மேல் இருந்தார். "சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது," என்றார். இருக்காது என்று சொல்வதற்கும் இல்லை என்று சொல்வதற்கும் உள்ள தூரம் அந்த ஏணியைவிட உயரம்.

அவர் வீட்டுக்குத் தண்ணீர் போடுவதும் கேன்தான். முன்பெல்லாம் கேனை இறக்கியதும் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்து அரட்டை அடிப்பான், இருப்பதை எடுத்துத் தின்பான், "அக்கா, அண்ணன் நேத்து விழுந்த விழு இருக்கே" என்று ஆரம்பித்து நடித்தே காட்டுவான். இப்போது கேனை வைப்பான், காலியை எடுப்பான், போவான்.

ஒரு காலை நேரம். ஷட்டர் கொல்லைக் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கேனை வழிமறித்துக்கொண்டார். கெட்ட எண்ணமில்லை, மனதில் இருப்பதை வைத்துக்கொள்ளத் தெரியாது, அவ்வளவுதான்.

"தம்பி, நான் கேக்கிறேன்னு தப்பா எடுத்துக்காதே. நீ கொஞ்சம் ஓடியிருந்தா எங்க வீட்டுக்காரர் மானம் தப்பிச்சிருக்கும் இல்லே? நாலு எட்டுதானேப்பா. உனக்கு எத்தனை நாள் தட்டுல போட்டிருக்கேன்."

கேன் தோளில் காலிக் கேனோடு நின்றான். கொல்லைக் கதவு திறந்திருந்தது. அதன் வழியாக ஷட்டரைப் பார்த்தான். ஷட்டரின் வாயில் பிரஷ், உதட்டில் நுரை.

"ஆமாக்கா," என்றான் கேன். "என் தப்புதான்."

"சரி விடு. மனசுல வெச்சுக்காதே."

அவன் போய்விட்டான். ஷட்டர் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டே இருந்தார். மனைவி எட்டிப் பார்த்து, "பல்லு தேயறதுக்கா, தேய்க்கறதுக்கா?" என்று கேட்ட பிறகுதான் கை நின்றது. வாய் கொப்பளிக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பழக்கம் ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த போட்டிக்கு ஆள் எடுக்கிற நாள் வந்தது. மால் திறப்பதற்கு முன்னால், ஞாயிறு காலை. பெஞ்சுகளில் எல்லாரும் உட்கார்ந்து ஐஸ் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஷட்டர் முழு வேஷத்தில் இருந்தார். பேடு, மார்க்கவசம், ஹெல்மெட். கேன் வாசலிலேயே தயங்கி நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே துவைத்து மடித்த அணிச் சட்டை. திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். தண்ணீர்க் கேன் மூடியின் கூர் விளிம்பு கிழித்ததில் அவன் கட்டைவிரலில் துணிக்கட்டு.

கேக் கடைக்காரர் பையை வாங்கிக்கொண்டார். அவருக்கும் சங்கடம்தான், சட்டையை வெளியே எடுத்துப் பார்க்காமல் பெஞ்சில் வைத்தார். "தப்பா நினைக்காதேப்பா. நாலு பேர் நாலு விதமா பேசறாங்க. ஒரு வருஷம் போகட்டும்."

"சரிங்கண்ணே."

"நான்தான் விடச் சொன்னேன்," என்றார் ஷட்டர்.

யாருக்கும் கேட்கவில்லை. முகம் முழுக்கக் கம்பிக்கூண்டு. ஐஸ் தேய்க்கிற எந்திரம் வேறு அந்தப் பக்கம் உறுமிக்கொண்டிருந்தது. தைரியத்தை ஒருதரம் திரட்டுவதே பெரும்பாடு. அதை இன்னொரு தரம் திரட்ட வேண்டியிருந்தது. மறுபடி சொன்னார். கேக் கடைக்காரர் காதில் கை வைத்து, "என்ன? பேடு கிழிஞ்சிருச்சா?" என்றார்.

ஷட்டர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"நான்தான்யா விடச் சொன்னேன்!"

சரியாக அந்த நேரம் பார்த்து எந்திரத்தை நிறுத்தினார்கள். மூன்றாவது மாடி முழுக்க அந்தக் குரல் போய் முட்டித் திரும்பியது. சினிமா வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள்கூட நிமிர்ந்து பார்த்தார். ஷட்டருக்குக் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. இனி முழுங்கிப் பிரயோஜனமில்லை.

"அவன் ஓடிக்கிட்டுதான் இருந்தான். விடுடா, நின்னுடும்னு நான் கத்தினேன். பழக்கத்துல நம்ம ஐஸ்னு நினைச்சுட்டேன். தண்ணி குடிச்சேன். அவன் ஒண்ணுமே பண்ணலே. அவன் நான் சொன்னதைக் கேட்டான்."

பெஞ்சில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு கிளுக்கென்று சிரித்துவிட்டு, பக்கத்திலிருந்தவன் தொடையில் கிள்ளியதும் நிறுத்தினான்.

கேக் கடைக்காரர் ஷட்டர் பக்கம் வந்தார். "இத்தனை நாளா வாயில என்னய்யா வெச்சிருந்தே? கிரீஸா?"

ஷட்டர் கழற்றிய ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவனைப் போய் நான் என்னென்ன கேட்டேன்! நீயும் அங்கேதானேய்யா இருந்தே!" பிறகு கேன் பக்கம் திரும்பினார். "நீ ஏன்டா சொல்லலே? உனக்கு வாய் இல்லையா?"

கேன் கட்டைவிரல் துணியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அண்ணன் சொல்வாருன்னு இருந்தேன்," என்றான்.

திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். வட்டை எடுத்து மூஞ்சியில் அடித்திருந்தால்கூட ஷட்டர் தடுத்திருக்க மாட்டார். அவன் அதைக் கோபமே இல்லாமல், தண்ணீர் வண்டி வரத் தாமதமாகிவிட்டது என்பதுபோல் சொன்னான். ஷட்டருக்கு உட்கார்ந்த இடத்தில் உடம்பு சிறுத்துக்கொண்டே போயிற்று. பேடு மட்டும் பெரிதாக நின்றது.

கேக் கடைக்காரர் பிளாஸ்டிக் பையை எடுத்துக் கேன் மடியில் போட்டார். "மாட்டு. நீ வரே." ஷட்டரைப் பார்க்காமலே சொன்னார்: "நீ வரியா இல்லையான்னு நான் அப்புறம் யோசிக்கணும். இன்னிக்கு நில்லு."

"நிக்கிறேன்," என்றார் ஷட்டர்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக ஐஸில் இறங்கிப் போனார்கள். ஷட்டரைத் தாண்டும்போது யாரும் வழக்கம்போல் முதுகில் தட்டவில்லை. கேன் ஒரு வாடகை ஷூவை வாங்கி வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். அந்த ஷூவின் நாடா ஈரத்தில் ஊறி விறைத்திருக்கும். பலம் கொண்ட மட்டும் இழுத்துக் கட்டாவிட்டால் கணுக்கால் மடங்கிவிடும். அவன் ஒரு கையால் இழுத்தான். துணி கட்டிய விரல் பிடி கொடுக்கவில்லை. பல்லால் கடித்து இழுக்கலாமா என்று குனிந்து பார்த்தான்.

ஷட்டர் எழுந்தார். அத்தனை பாரத்தோடு பெஞ்சைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, அவன் முன்னால் ரப்பர் விரிப்பில் இரண்டு முட்டியையும் போட்டு உட்கார்ந்தார். அவன் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்தார்.

"அண்ணே! என்னண்ணே இது, காலை விடுங்க." கேன் பதறிப்போய் இழுத்துக்கொள்ளப் பார்த்தான். "நீங்க போய்... பார்க்கிறாங்க, விடுங்கண்ணே."

"பார்க்கட்டும். ஆடாம இரு."

கீழிருந்து ஒவ்வொரு கண்ணியாக நாடாவை இறுக்கிக்கொண்டே வந்தார். ஷட்டர் சங்கிலியை இழுக்கிற கை; ஒவ்வொரு இழுப்புக்கும் நாடாவிலிருந்து தண்ணீர் பிழிபட்டு அவர் விரல் வழியே சொட்டியது. தலையை நிமிர்த்தவில்லை. முடிச்சுப் போட்டார், இன்னொரு முடிச்சுப் போட்டார். பிறகும் எழுந்திருக்காமல் அந்தக் காலைப் பிடித்தபடி அப்படியே இருந்தார்.

கேன் ஐஸ் பக்கம் பார்த்தான். எல்லாரும் விளையாட்டை விட்டுவிட்டு இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டிய காலை அவன் மெல்ல உருவிக் கீழே வைத்துவிட்டு, மற்றக் காலைத் தூக்கி அவர் தொடைமேல் வைத்தான்.